மழையைப் பேசி முடித்தால் நாலாவது மாடி

“பக்கத்து வீட்டு அங்கிளும் நானும் லிஃப்டில். எங்கள் வீடு 12ஆவது மாடி. மழையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், 4.”

சமூக ஊடகத்தில் போடும் ஒரு சிரிப்புப் பதிவு இது. சிங்கப்பூரில் புளோக்கில், அதாவது அடுக்குமாடி வீட்டில், குடியிருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மீதி எட்டு மாடிக்கு இரண்டு பேரும் எங்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதைப் படிப்பவரே நிரப்பிக்கொள்வார். இதே விஷயம் முதல் தடவை எழுதும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“எங்கள் புளோக்கில் லிஃப்ட் ரொம்ப மெதுவாகப் போகும். பக்கத்து வீட்டுக்காரரோடு போகும்போது என்ன பேசுவது என்றே தெரியாமல் ஒரே சங்கடமாக இருக்கும். உங்களுக்கும் இப்படித்தானா நண்பர்களே?”

கடைசியில் கண்ணீர் வரச் சிரிக்கும் இமோஜிப் பொம்மைகள் மூன்று.

இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு வர நாலைந்து வெட்டுகள் போதும். முதலில் “சங்கடம்” போக வேண்டும். அந்தச் சொல்லை எழுதிவிட்டால் படிப்பவர் சங்கடப்பட வேண்டிய வேலையை நாமே செய்துவிட்டோம் என்று ஆகிறது. அடுத்து “ரொம்ப மெதுவாக” போய், அங்கே இரண்டு எண்கள் வரவேண்டும். அந்த எண்களிலும் கணக்கு இருக்கிறது. 12க்குப் பதில் 6 என்று போட்டால் மௌனம் நீளாது. 4க்குப் பதில் 2 என்று போட்டால், மழையைப் பற்றி அவ்வளவு சீக்கிரம் எந்த அங்கிளும் பேசி முடிக்க மாட்டார், பொய் தெரிந்துவிடும். டக்ஸ்டனில் இருக்கும் 50 மாடி பினக்கல் போன்ற கட்டடத்தை வைத்து எழுதினால் லிஃப்ட் வேகமாகப் போய்விடும், கதை கெட்டுவிடும். பிறகு அந்த “உங்களுக்கும் இப்படித்தானா நண்பர்களே?” சிரிப்பைக் கை நீட்டிக் கேட்பது மாதிரி இருக்கும், அதையும் எடுத்துவிட வேண்டும். பொம்மைகள் வேண்டாம், அல்லது ஒன்று. சிரிக்க வேண்டியவர் நாம் இல்லையே.

லிஃப்டையே வைத்து இன்னொரு தலைமுறைக்கு எழுதலாம். 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்குவதற்கு முன்னால் பல பழைய புளோக்குகளில் லிஃப்ட் சில மாடிகளில்தான் நிற்கும். மற்றவர்கள் ஏறியோ இறங்கியோ நடக்க வேண்டும். அரிசி மூட்டையோடு எந்தப் பக்கம் நடப்பது லாபம் என்று கணக்குப் போட்ட வீடுகள் நிறைய. இதை எழுதினால் 40 வயதைத் தாண்டியவர்கள் பின்னூட்டத்தில் வரிசை கட்டுவார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் கடந்து போய்விடுவார்கள். யாருக்கு எழுதுகிறோம் என்பதை எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. எல்லாருக்கும் என்று எழுதினால் “மழை பெய்தால் பஸ் வராது” என்ற அளவில் வந்து நிற்கும்.

கடைசிச் சொல் எது

தமிழில் சிரிப்பு எழுதுபவர்களுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. நம் வாக்கியம் வினையில் போய் முடியும். சிரிப்பு வரவேண்டிய சொல் அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

“டாக்டர் சொன்னதிலிருந்து அப்பா தே ஓ கோசோங்தான் குடிக்கிறார், ஆனால் ஜிலேபியைத் தொட்டுக்கொண்டு குடிக்கிறார்.”

தே ஓ கோசோங் என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். ஜிலேபி நடுவில் மாட்டிக்கொண்டது. படிப்பவர் சிரிக்கத் தயாராகும்போது இன்னும் இரண்டு சொல் பாக்கி. போதாக்குறைக்கு “ஆனால்” வேறு, இதோ திருப்பம் வருகிறது என்று முன்கூட்டியே மணி அடிக்கிறது. இப்படி மாற்றலாம்:

“டாக்டர் சொன்னதிலிருந்து அப்பா தே ஓ கோசோங்தான். தொட்டுக்கொள்ள ஜிலேபி.”

“குடிக்கிறார்” இரண்டு இடத்திலும் போனது. “ஆனால்” இருந்த இடத்தில் முற்றுப்புள்ளி. தமிழில் வினையில்லாமல் முடிவது ஒன்றும் குறையில்லை. வீட்டில் நாள் முழுக்க அப்படித்தான் பேசுகிறோம். வினையை விட முடியாத இடத்தில் சொற்களை முன்பின் மாற்றிக்கொள்ளலாம். “பெரியப்பா வந்துவிட்டார்” என்பதைவிட “வந்துவிட்டார் பெரியப்பா” என்பதில் பெரியப்பாவுக்கு ஒரு நுழைவு கிடைக்கிறது. இதை எல்லாப் பதிவிலும் செய்தால் மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும். பத்துக்கு ஒன்று போதும்.

எல்லாச் சிரிப்பும் பெயர்ச்சொல்லில்தான் முடிய வேண்டும் என்றும் இல்லை. எதிர்மறை வினை நன்றாகவே தாங்கும்:

“மகனுக்குத் தமிழ் வாய்மொழித் தேர்வு. ஒரு வாரம் வீட்டில் எல்லாரும் தமிழில் மட்டும்தான் பேசுவது என்று முடிவெடுத்தோம். வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.”

இங்கே அமைதிக்குக் காரணம் எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதினால் அது தமிழ்ப் புழக்கம் குறைவதைப் பற்றிய கட்டுரை ஆகிவிடும்.

கோப்பிக் கடைச் சொற்களைப் பயன்படுத்துபவர்கள் அளவைச் சரியாக எழுத வேண்டும். “தே” என்றால் இனிப்புப் பால் ஊற்றிய தேநீர். “தே சி” என்றால் இனிப்பில்லாத கெட்டிப் பால், கூடச் சர்க்கரை. “தே ஓ” என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. “கோசோங்” சேர்த்தால் சர்க்கரையும் கிடையாது. “சியூ டாய்” என்றால் இனிப்பைக் குறைத்து. ஆக, சர்க்கரை வியாதிக்காரர் தே ஓ கோசோங் அல்லது தே சி கோசோங் கேட்பார். வெறும் “தே கோசோங்” என்று எழுதிவிட்டால், இனிப்புப் பாலிலேயே சர்க்கரை இருக்கிறதே என்று யாராவது ஒருவர் கேட்பார், அதற்கு இன்னொருவர் பதில் சொல்வார், அப்பாவையும் ஜிலேபியையும் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

அறிவிப்புத் தமிழும் அடுப்பங்கரையும்

இங்குள்ள தமிழர்களுக்கு ஒரு சொத்து இருக்கிறது. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் நம்முடையதும் ஒன்று என்பதால், அறிவிப்புத் தமிழ் தினமும் காதிலும் கண்ணிலும் விழுகிறது. ரயில் நிலையத்தில், பலதுறை மருந்தகத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் நகர மன்றம் ஒட்டும் தாளில். யாரும் பேசாத, ஆனால் எல்லாருக்கும் பழகிய தமிழ் அது. அதை அப்படியே தூக்கி வீட்டுக்குள் வைத்தால் போதும்:

“அன்புள்ள குடியிருப்பாளர்களே, முறுக்குச் சுடும் பணிகள் காரணமாக இன்று மாலை 5 மணி முதல் 9 மணி வரை சமையலறை மூடப்பட்டிருக்கும். அவ்வழியே செல்வோர் மாவைத் தொட வேண்டாம். ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம். இப்படிக்கு, அம்மா.”

இந்த வகையில் கெட்டுப்போவது பெரும்பாலும் பொறுமையின்மையால்தான். இரண்டாவது வரியிலேயே எழுதுபவருக்குச் சிரிப்பு வந்துவிடும். “மாவத் தொட்டா கை இருக்காது” என்று பேச்சுத் தமிழுக்கு இறங்கிவிடுவார். கடைசி வரை அதிகாரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். உடைப்பதானால் ஒரே ஒரு தடவை, கடைசியில். மேலே உள்ளதில் “அம்மா” என்ற கையெழுத்துத்தான் அந்த உடைப்பு. நேரமும் முக்கியம்: “மாலை” என்று மட்டும் போட்டால் பாதி வேகம் குறையும். அறிவிப்புகள் மணியைச் சொல்லும்.

உரையாடல் வந்தால் கதை சொல்லும் வரி எழுத்துத் தமிழிலும், பேசும் வரி பேச்சுத் தமிழிலும் இருக்கட்டும்:

“‘எங்க இருக்க?’
‘வந்துக்கிட்டே இருக்கேன், பூன் லே தாண்டிட்டேன்.’
துண்டைத் தேடிக்கொண்டே சொன்னது.”

பூன் லே என்ற பெயர்தான் இதைத் தாங்குகிறது. “பாதி வழி வந்துட்டேன்” என்பது யாரும் சொல்லும் பொய். நிலையத்தின் பெயரைச் சொல்லிப் பொய் பேசுபவர் பழகிய கை.

பேச்சுத் தமிழை எழுத்தில் கொண்டுவரும்போது ஒலியை முழுக்கப் பிடிக்க முயல வேண்டாம். “இருக்கேன்”, “தாண்டிட்டேன்” போதும். “இர்க்கேன்”, “தாண்ட்டேன்” என்று போனால் வாசகர் சொல்லைக் கூட்டிப் படிக்க ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடியில் சிரிப்பு ஆறிவிடும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவர்கள் இங்கே நிறைய; இளையவர்களுக்கு அது கைப்பழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்படி எழுதினால் வாசகர் மனத்துக்குள் சத்தமாகப் படித்தாக வேண்டும். குறும்பதிவுக்கு அது சரிப்படும். நாலு வரியைத் தாண்டினால் களைப்புத் தட்டும்.

வெள்ளி என்றால் என்ன

சிங்கப்பூர்த் தமிழில் எழுதினாலும் படிப்பவர்கள் இரண்டு வகை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பதிவு கொஞ்சம் ஓடினால் சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்களும் வந்துவிடுவார்கள். “குடைக்கு 15 வெள்ளி கொடுத்தேன்” என்றால் இங்கே டாலர். அங்கே படிப்பவர் கொலுசையோ கிழமையையோ நினைப்பார். “பசியாறிட்டீங்களா” அங்கே பழங்கால நாடகம் மாதிரி கேட்கும், இங்கே சாதாரணக் காலை விசாரிப்பு. “மாமா கடை” என்றால் புளோக்குக்குக் கீழே பிஸ்கட்டும் தொலைபேசி அட்டையும் விற்கும் சின்னக் கடை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இதற்காகப் பதிவுக்குள்ளேயே விளக்கம் எழுதக் கூடாது. ஒரு பதிவுக்கு ஒரு உள்ளூர்ச் சொல் என்று வைத்துக்கொண்டால், சுற்றியுள்ள சொற்களே அதைச் சுமந்துகொள்ளும். “கோசோங்” புரியாதவருக்கும் டாக்டர், ஜிலேபி இரண்டும் போதும். மூன்று சொல் சேர்ந்தால் வெளியூர் வாசகர் நழுவிவிடுவார். யாராவது கேட்டால் முதல் பின்னூட்டத்தில் ஒரு வரி சொல்லிவிடலாம்.

வெளியிடுவதற்கு முன்பு இரண்டு பேருக்கு அனுப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம்: ஒருவர் இங்கே பிறந்தவர், ஒருவர் வந்தவர். “நல்லா இருக்கு” என்ற பதிலுக்கு மதிப்பில்லை. உடனே அவர்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் பதிவு தேறிவிட்டது என்று அர்த்தம்.

எங்கிருந்து எடுப்பது

தினசரி விஷயம்தானே, எப்போது வேண்டுமானாலும் ஞாபகம் வரும் என்று விடுபவர்களுக்குக் கடைசியில் சாரம்தான் மிஞ்சும். “தீபாவளியன்று பெரியம்மா என் எடையைப் பற்றிப் பேசினார்” என்பது சாரம். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அன்றே கைப்பேசியில் அவர் சொன்ன சொல்லை அப்படியே குறித்து வைத்திருந்தால்:

“‘நல்லா சதை போட்டுட்டியே’ என்றார் பெரியம்மா. கையில், எனக்கு இரண்டாவது தட்டு பிரியாணி.”

குறிப்பில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: யார் சொன்ன சொல், எந்த இடம், கண்ணில் பட்ட ஒரு பொருள் அல்லது எண். எழுத நேரமில்லாவிட்டால் குரல்பதிவு. வாரக் கடைசியில் உட்கார்ந்து பார்த்தால் பத்தில் ஒன்பது ஒன்றுக்கும் ஆகாது. ஆகாதவற்றை அழிக்க வேண்டாம்; இரண்டு குறிப்புகள் ஆறு மாதம் கழித்து ஒன்றாகச் சேரும். பொது இடத்தில் பார்த்த ஒன்றையும் வீட்டில் நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அப்படித்தான் பிறக்கும்:

“உணவங்காடியில் லேப்டாப்பை வைத்து மேசை பிடித்துவிட்டு நிம்மதியாக வரிசையில் நிற்கிறார்கள். வீட்டில் என் சார்ஜரை ஐந்து நிமிடம் விட முடியவில்லை.”

டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பதைப் பற்றி இனி புதிதாக எழுத எதுவும் இல்லை என்று நினைக்கும் அளவுக்கு எழுதியாகிவிட்டது. ரயிலில் டுரியான் பழத் தடைப் பலகையும் அப்படித்தான்: புகை பிடித்தால் 1,000 வெள்ளி, சாப்பிட்டால் குடித்தால் 500 வெள்ளி, எரியும் பொருள் கொண்டுவந்தால் 5,000 வெள்ளி, டுரியானுக்கு மட்டும் தொகை கிடையாது. இதைக் கவனித்தேன் என்று மட்டும் எழுதினால் ஆயிரத்தோராவது ஆள் ஆவோம். தேய்ந்த விஷயத்தைத் தொடுவதானால் அதை வேறெங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டும்: “டுரியானுக்கு மட்டும் எவ்வளவு அபராதம் என்று போடவில்லை. அம்மா ‘வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்’ என்பாரே, அந்த வகை.” பாதி பழசு, பாதி புதுசு. அந்த அளவு போதும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். முறுக்கு, வீடு கழுவுதல், பலகார டப்பா எல்லாம் சிராங்கூன் சாலையில் விளக்கு எரிய ஆரம்பித்ததிலிருந்து தீபாவளிக்கு முந்தைய நாள் வரைதான். மறுநாள் போட்டால் ஆறிய பலகாரம். வாய்மொழித் தேர்வுப் பதிவுக்கு ஆகஸ்ட். தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரலில் எல்லாரும் திடீரென்று தூய தமிழில் எழுதுவதைப் பற்றி எழுதலாம், அதையும் தூய தமிழில். துணி காயாத கதைகளுக்கு நவம்பரும் டிசம்பரும். முன்கூட்டியே எழுதி வைத்திருப்பவர்களே அந்தந்த வாரம் நன்றாக எழுதுகிறார்கள். அன்று காலை உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கு “அனைவருக்கும் இனிய தீபாவளி” தாண்டி வராது.

நாளில் எந்த நேரம் என்று கேட்டால், ரயிலில் நின்றுகொண்டு படிக்கும் காலை 7.30 முதல் 9 வரை குறும்பதிவுக்கு. இரவு 9க்கு மேல் கொஞ்சம் நீளமானதற்கு. தமிழ்நாட்டு வாசகர்களும் வேண்டுமென்றால், இங்கே இரவு 9.30 என்பது அங்கே 7 மணி என்ற இரண்டரை மணிநேர வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ரயில் தடைப்பட்ட நாளில் உடனே எழுதத் தோன்றும். தாமதம் மட்டும்தானா, யாருக்காவது அடிபட்டதா என்று தெரியும்வரை கையைக் கட்டிக்கொள்வதுதான் சரி.

எழுத்து உடையும் இடங்கள்

நன்றாக எழுதிய பதிவைப் படமாக்கும்போது கெடுப்பவர்கள் அதிகம். இன்ஸ்டகிராமில் நின்ற வாக்குப் படத்துக்கு 1080 × 1350, ரீலுக்கு 1080 × 1920 பிக்சல் அளவு. 1080 அகலத்தில் தமிழ் எழுத்து 56க்குக் கீழே இறங்கினால் பேருந்தில் படிப்பவருக்குக் கஷ்டம். வரிக்கு மூன்று அல்லது நான்கு சொல் போதும். நம் சொற்கள் நீளமானவை. “காத்துக்கொண்டிருந்தவர்களிடம்” என்று ஒன்று வந்தால் அது ஒரு வரியையே தின்றுவிடும். அதற்காக எழுத்தைச் சின்னதாக்காமல் சொல்லை மாற்றுங்கள்: “நின்றவர்களிடம்”. வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் “கு”, “ழு” கீழ்வரியின் “கி”, “தீ”யோடு முட்டும்.

சில வடிவமைப்புச் செயலிகளில் “கொ” என்று அடித்தால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது நடுவில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். எழுத்துருவுக்குத் தமிழ் தெரியவில்லை, அல்லது செயலிக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை என்பதுதான் காரணம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பாலூ தம்பி, கட்டமரான் ஆகியவை இலவசமாகக் கிடைக்கும், பெரும்பாலும் சரியாக வரும். ஃபோட்டோஷாப்பில் என்றால் பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக் கோப்பானை (composer) தேர்ந்தெடுக்க வேண்டும். எதைப் பயன்படுத்தினாலும் “கொடுத்தோம், பௌர்ணமி, ஸ்ரீ” என்று ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால், வெளியிட்ட பிறகு அவமானப்பட வேண்டியிருக்காது. தட்டச்சில் துணைக்கால் வரவேண்டிய இடத்தில் “ர” விழுவதும், “ஔ” வரவேண்டிய இடத்தில் “ஒள” விழுவதும் கண்ணுக்குத் தெரியாது. தேடுபவருக்கு அந்தப் பதிவு கிடைக்காது.

எக்ஸ் தளத்தில் 280 என்ற வரம்பு நமக்கு 280 எழுத்து இல்லை. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். “அம்மா” மூன்றெழுத்து, கணக்கில் 5. “சிங்கப்பூர்” ஆறெழுத்து, கணக்கில் 11. ஆக, கையில் இருப்பது ஏறக்குறைய பாதிதான். அது நல்லதற்கே; லிஃப்ட் பதிவு அதற்குள் அடங்கிவிடும்.

ரீலில் கீழ்ப்பகுதி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையும் வலப்பக்க ஓரத்தையும் பெயரும் பொத்தான்களும் மறைக்கும். கடைசிச் சொல் அங்கே போய் ஒளிந்துகொள்ளாமல் நடுவுக்கு மேலே வைக்க வேண்டும். 10 முதல் 15 வினாடி போதும். முதல் இரண்டு வினாடியில் “வணக்கம் மக்களே” வேண்டாம். லிஃப்ட் கதவு மூடட்டும். தமிழும் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலமான சிங்கிலிஷும் கலந்த பேச்சுக்குத் தானியங்கி வசனவரி கண்டபடி எழுதும், அதுவே தனி நகைச்சுவை. கையால் அடிப்பதுதான் வழி. வசனத்தின் கடைசிச் சொல்லை, அது வாயிலிருந்து வரும்வரை திரையில் காட்டாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். “தொட்டுக்கொள்ள ஜிலேபி” என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் அப்பா குடிப்பதைப் பார்க்க யார் இருப்பார்கள்?

வடிவேலு முகத்தை வைத்து மீம் செய்வது எளிது. முகமே பாதி சிரிக்க வைத்துவிடும். அதனாலேயே எழுதியவருடைய பங்கு என்ன என்று தெரியாமல் போகும். அந்த முகம் இல்லாமலும் வரி நிற்கிறதா என்று ஒரு தடவை மூடிப் பாருங்கள். பாட்டுச் சேர்ப்பதானால், இன்ஸ்டகிராமில் வணிகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குத் திரைப்பாடல்கள் எல்லாம் கிடைக்காது. கிடைக்காததைக் குறுக்கு வழியில் ஒட்டினால் ஒலி அடைபடும்.

யாரைப் பார்த்து

பதிவில் அசடு வழிபவர் நீங்களாகவோ, உங்கள் வீட்டுப் பெரியவர்களாகவோ இருக்கும்வரை பிரச்சினை குறைவு. வீட்டுப் பெரியவர்கள் என்றாலும் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. ஜிலேபி அப்பாவின் டாக்டரும் முகநூலில் இருக்கலாம். பக்கத்து வீட்டார், கடை ஊழியர், பணிப்பெண், கட்டுமானத் தளத்துத் தம்பிகள் இவர்களுடைய பேச்சையோ உச்சரிப்பையோ காட்டிச் சிரிக்கவைக்கும் பதிவுகள் வேகமாக ஓடும், அதே வேகத்தில் கசக்கும். திருப்பிப் பதில் சொல்ல முடியாத ஒருவரை வைத்து எழுதியது என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. இனத்தையும் சமயத்தையும் தொடும் வரிகளுக்கு இங்கே சட்டமும் உண்டு, அதைவிட முன்னால் புளோக்கும் உண்டு: மறுநாள் அதே லிஃப்டில்தான் போக வேண்டும்.

ரயிலில் தூங்குபவரைப் படமெடுத்துப் போடுவது சிரிப்பே இல்லை. முகம், புளோக் எண், வாகன எண், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை நான்கையும் மறைத்துவிட வேண்டும், உங்களுடையதானாலும். துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது, 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி 2020 ஜனவரி முதல் குற்றம். நீங்கள் விளையாட்டாகப் போட்டதைப் பார்த்து, பின்னூட்டத்தில் இன்னொருவர் முகவரியைக் கண்டுபிடித்துப் போட்டால், அதை உடனே நீக்குங்கள். அடுத்தவர் எழுதியதை எடுத்தால் பெயரைப் போடுங்கள். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், படைத்தவரை அடையாளம் காட்ட வேண்டும் என்பதை ஓர் உரிமையாகவே வைத்திருக்கிறது. மாமா கடை முதல் பெரிய கடை வரை யாராவது காசு கொடுத்தோ பொருள் கொடுத்தோ எழுதச் சொன்னால், அது விளம்பரம் என்று முதல் வரியிலேயே தெரிய வேண்டும். ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டால், அதற்குப் பிறகு எழுதும் அம்மா கதையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வெளியிட்ட பிறகு

நாலாவது அல்லது ஐந்தாவது பின்னூட்டத்தில் ஒருவர் வருவார்: “‘லிஃப்ட்’ தவறு, ‘மின்தூக்கி’ என்று எழுதவும்.” அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர் சொல்வதும் சரிதான். “மின்தூக்கி என்று எழுதினால் இன்னும் இரண்டு மாடி கூடுமே ஐயா” என்று ஒரு வரி போட்டால் அவரும் சிரித்துவிட்டுப் போவார். “எங்க புளோக்ல 25 மாடி” என்று வருபவர்களின் கதைகளைக் குறித்து வையுங்கள், அடுத்த பதிவு அங்கேதான் இருக்கிறது; கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். யாராவது புண்பட்டதாகச் சொன்னால் விளக்கவுரை எழுதாமல், தவறு என்றால் எடுத்துவிட்டு ஒரு வரி மன்னிப்பு. “நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்ற வரியால் ஒருவரும் சமாதானமானதில்லை.

வாட்ஸ்அப்பில் போகும் என்று தெரிந்தே படத்தைத் தயார் செய்யுங்கள். அங்கே படம் நசுங்கும். மெல்லிய எழுத்து மங்கிவிடும். தடித்த எழுத்து, வெறும் பின்னணி. உங்கள் பெயரைக் கீழ் ஓரத்தில் வைத்தால் முதல் ஆளே வெட்டிவிடுவார், வரிகளுக்கு நடுவே சின்னதாக வையுங்கள். என்ன செய்தாலும் யாராவது வரியை மட்டும் தட்டச்சு செய்து, பெயரில்லாமல் அனுப்புவார்கள். ஐந்து கை மாறிய பிறகு இரட்டை அம்புக்குறி விழும். அதற்கு மேல் ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்றாலும் அது நிற்காது. ஒரு நாள் 34 பேர் இருக்கும் குடும்பக் குழுவில், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவுக்குக் கீழே, அதே லிஃப்ட், அதே அங்கிள். மாடி மட்டும் 12க்குப் பதில் 30. அனுப்பியவர் பெரியம்மா, “யாரோ நல்லா எழுதியிருக்காங்க” என்ற குறிப்போடு. மாடியைத் திருத்தப் போக வேண்டாம். சிரிக்கும் பொம்மை ஒன்று போட்டால் போதும். பெரியம்மாவுக்கு மூன்று.